ஊர் நடுவே ஒரு மந்தை – நியூ ஹேவன் நகரின் கிரீனும் நம் சென்னையும்

"தாத்தா, ஊருக்கு நட்ட நடுவுல எதுக்கு இவ்வளவு பெரிய இடத்தைக் காலியா விட்டு வச்சிருக்காங்க?"

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் பேத்தி கேட்ட கேள்வி இது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது நியூ ஹேவன் என்ற பழைய நகரத்தின் மையத்தில். நான்கு பக்கமும் தெருக்கள். நடுவில் 16 ஏக்கர் புல்வெளி. அந்தப் புல்வெளிக்குள்ளேயே வரிசையாக மூன்று சர்ச்சுகள். சுற்றிலும் நகர மன்றம், நீதிமன்றம், பொது நூலகம், யேல் பல்கலைக்கழகம். இந்த வெளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வெறும் 'கிரீன்'. பச்சை, அவ்வளவுதான்.

"நம்ம ஊர் மந்தை மாதிரிதாம்மா" என்றேன். "மந்தைன்னா என்ன தாத்தா?" என்று அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

கொல்கத்தாவில் 40 வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியாயிற்று. ஆனாலும் நான் பிறந்தது மதுரைப் பக்கத்துக் கிராமம். காலையில் ஊர் மாடுகளெல்லாம் வந்து கூடும் இடம் எங்கள் மந்தை. மாடு மேய்ச்சலுக்குப் போன பிறகு அதே இடத்தில் களம், பஞ்சாயத்து, பிள்ளைகளின் கிட்டிப்புள். மாசி மாதம் கூத்து. சென்னையில் மந்தைவெளி என்ற பெயரை மட்டும் நாம் இன்னும் பஸ்ஸில் எழுதி வைத்திருக்கிறோம். சங்க இலக்கியத்தில் வரும் மன்றமும் ஏறக்குறைய இதுதான்: மரத்தடியில் ஊரார் கூடும் பொது இடம். ஆகவே கிரீன் என்பது நமக்குப் புரியாத சமாச்சாரம் ஒன்றும் இல்லை. இதைப் பேத்திக்கு விளக்கப் போய், அந்த இடத்தைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்க அன்பர்களோடும் பகிர்ந்துகொள்ளலாமே என்றுதான் இந்தக் கட்டுரை. இதில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது முழுக்கப் பெருமைப்படும்படியான பங்கு அல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது கட்டம்

1638-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும், தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரும் தங்கள் கூட்டத்தாரோடு இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை போதுமான அளவு தூய்மையாக இல்லை என்று கருதி, கடல் தாண்டி வந்து தங்கள் மனம்போல ஒரு ஊர் அமைக்க நினைத்தவர்கள்.

அது ஆளில்லாத நிலம் அல்ல. குவினிப்பியாக் என்ற பழங்குடி மக்களின் நிலம். அந்த வருஷம் நவம்பரில் அவர்களோடு ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். நிலத்துக்கு விலையாகக் கொடுத்தவை 12 மேலங்கிகள், 12 கரண்டிகள், 12 கைக்கோடாலிகள், மண்வெட்டிகள், கத்திகள், கத்தரிக்கோல்கள், கிண்ணங்கள். குவினிப்பியாக்குகளுக்குத் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கினார்கள். ஊர் நடுவே 'எல்லோருக்கும் பொது' என்று ஒரு நிலம் தோன்றுவதற்கு முன்பே, அந்த 'எல்லோரும்' என்ற சொல்லில் யார் யார் இல்லை என்பது முடிவாகிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குடியேறியவர்கள் ஊருக்குக் கோடு போட்டார்கள். ஒரு பெரிய சதுரம். அதை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சதுரங்களாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் சிலேட்டில் வரைவார்களே, அந்தக் கட்டம் மாதிரி. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் வீடுகள். நடுக்கட்டம் யாருக்கும் இல்லை, எல்லோருக்கும் சொந்தம். அதற்குச் 'சந்தைத் திடல்' என்று பெயர். மாடு மேய்ந்தது, சந்தை கூடியது, ஊர்க்காவல் படை அணிவகுத்தது, இறந்தவர்களைப் புதைத்தார்கள். நடுவில் 1640-ல் ஒரு மரக்கட்டடம் எழுந்தது. தொழுகையும் அதில்தான், ஊர்க்கூட்டமும் அதில்தான். சர்ச் உறுப்பினர்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை. மதமும் அரசும் ஒரே கூரையின் கீழ் என்பது அங்கே வெறும் பேச்சு அல்ல.

அந்தக் கூரையின் கீழ் எவ்வளவு கெடுபிடி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். ஆளுநர் ஈட்டனின் மனைவி ஆன், கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, அதையே நம்பவும் தொடங்கினார். விசாரணை நடந்தது. கடைசியில் ஆளுநரின் மனைவி என்றும் பார்க்காமல் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். இந்த அம்மையாருக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகன் டேவிட் யேல். டேவிட்டின் மகன்தான் எலிஹு யேல். சென்னைக் கோட்டையின் ஆளுநராக நாம் அறிந்த அதே யேல்! அவரிடம் பிறகு வருவோம்.

மூன்று சர்ச்சுகள் ஏன்?

ஒரே திடலில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று சர்ச்சுகள் எதற்கு என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும். நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று பிள்ளையார் கோயில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பங்காளிச் சண்டை இருக்கும் அல்லவா? இங்கேயும் கதை அதுதான்.

நடுவில் இருப்பது செண்டர் சர்ச். டேவன்போர்ட் தொடங்கிய ஆதி சபையின் நான்காவது கட்டடம் இது. 1812 முதல் 1814 வரை செங்கல்லில் கட்டியது. 1740-களில் நியூ இங்கிலாந்து முழுவதும் ஒரு பக்தி அலை வீசியது. உணர்ச்சி பொங்கப் பிரசங்கம் செய்யும் புதிய போதகர்களை ஏற்பதா, பழைய முறையிலேயே இருப்பதா என்று ஒவ்வொரு ஊர்ச் சபையும் இரண்டாக உடைந்தது. நியூ ஹேவனில் அப்படிப் பிரிந்தவர்களின் வழிவந்தது வடக்கே இருக்கும் சர்ச். 1813-15-ல் டேவிட் ஹோட்லி கட்டியது. இன்று அதன் பெயர் யுனைடெட் சர்ச்.

தெற்கே இருக்கும் டிரினிட்டி சர்ச்தான் பெரிய அதிசயம். அது எபிஸ்கோபல் சர்ச். அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் அமெரிக்க வாரிசு. எந்தத் திருச்சபை வேண்டாம் என்று பியூரிட்டன்கள் கடல் தாண்டி ஓடி வந்தார்களோ, அதே சபைக்குத் தங்கள் திடலிலேயே இடம் கொடுத்தார்கள்! 1816-ல் கட்டி முடித்தார்கள். மற்ற இரண்டும் செங்கல், வெள்ளைத் தூண் என்று இருக்க, இது மட்டும் உள்ளூர்ப் பாறைக் கல்லில், கூர்மையான கோதிக் வளைவுகளோடு நிற்கிறது. அமெரிக்காவின் ஆரம்பகால கோதிக் பாணி சர்ச்சுகளில் இது முக்கியமானது. இதை வடிவமைத்த இத்தியல் டவுன்தான் செண்டர் சர்ச் கட்டட வேலையையும் நடத்தியவர். ஒரே கைகள், இரண்டு பாணி.

இரண்டே வருஷத்தில், 1818-ல், கனெக்டிகட் மாநிலம் புதிய அரசியல் சட்டம் எழுதி, அரசாங்க மதம் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. அதுவரை காங்கிரிகேஷனல் சபைக்காக வரி வசூலித்து வந்த மாநிலம் அது. ஆகவே இந்த மூன்று கட்டடங்களும் ஒரு சண்டை ஓய்ந்ததற்கான மூன்று சாட்சிகள் எனலாம். ஓய்வதற்கு 180 வருஷம் ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொல்கத்தாவிலும் எழும்பூரிலும் இருக்கும் உறவுக்காரர்கள்

செண்டர் சர்ச்சின் முன்னால் நின்றபோது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. முன்னே கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள், முக்கோண முகப்பு. அதற்கு மேலே அடுக்கடுக்காக ஏறி ஊசியாக முடியும் கோபுரம். கொஞ்சம் யோசித்ததும் விடை கிடைத்தது. நம் ராஜ்பவனுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச்! உள்ளூர்க்காரர்கள் 'பாத்துரே கிர்ஜா', அதாவது கல் கோயில், என்று சொல்வார்களே, அதுவேதான். சென்னை எழும்பூரில் ரயிலேறப் போகும்போது தெரியும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கும் இதே ஜாடை.

காரணம் எளிது. லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1720-களில் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் என்ற சர்ச்சைக் கட்டினார். அதன் வரைபடங்களைப் புத்தகமாகவும் போட்டார். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தப் புத்தகமும் போனது. 1787-ல் கொல்கத்தா, 1814-ல் நியூ ஹேவன், 1821-ல் எழும்பூர் என்று ஒரே தாயின் பிள்ளைகள் மூன்று நகரங்களில் வளர்ந்திருக்கிறார்கள். எழும்பூர்க்காரர் கொஞ்சம் வேறு மாதிரி. உள்ளே வட்டக்கூடம், மேலே நீல நிறக் குவிமாடம். கொல்கத்தாக்காரரின் வளாகத்தில் இன்னொரு தமிழ்நாட்டு உறவு இருக்கிறது. அங்கே ஜாப் சார்னக்கின் சமாதிக்கல், சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் பாறை வகை. அந்தக் கல்லைப் பார்த்துத்தான் புவியியலாளர் அந்தப் பாறைக்கே 'சார்னகைட்' என்று பெயர் வைத்தார்கள். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து குடியேறியது நாம் மட்டுமல்ல, கல்லும்தான்!

சென்னை ஆளுநரும் துணி மூட்டைகளும்

சார்னக் 1690-ல் ஹூக்ளி ஆற்றங்கரையில் வந்து இறங்கியபோது, சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல்.

யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயசிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. பிறகு அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து 1672-ல் சென்னைக்கு வந்தார். 1680-ல் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் சர்ச் திறந்த சில நாட்களில், அங்கே பதிவான முதல் திருமணம் அவருடையதுதான். மணப்பெண் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. 1687-ல் ஆளுநரானார். சென்னை மாநகராட்சி 1688-ல் பிறந்தது இவர் காலத்தில். கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கியதும் இவர் காலத்தில். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுந்ததோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்று அளந்தார்கள். அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது.

சொந்த வியாபாரத்தில் யேல் பெரும் பணம் சேர்த்தார். ஊழல் புகார்கள் எழுந்தன. 1692-ல் பதவி போனது. 1699-ல் செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பினார். அதற்குள் அவருடைய தாத்தா முறைக்காரர் ஈட்டன் அமைத்த ஊரில் ஒரு சின்னக் கல்லூரி தவித்துக்கொண்டிருந்தது. 1701-ல் தொடங்கி, இடம் இடமாக மாறி, 1716-ல் கிரீனுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த கல்லூரி. கட்டடம் முடிக்கப் பணம் இல்லை. உதவி கேட்டு யேலுக்குக் கடிதம் போனது. 1718-ல் அவர் அனுப்பியது 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம், ஒன்பது மூட்டைச் சரக்கு. மூட்டைகளில் காலிகோ, மஸ்லின் போன்ற துணிகள் இருந்தன. பாஸ்டனில் அவற்றை விற்றதில் 562 பவுண்டு 12 ஷில்லிங் கிடைத்தது. அந்த நன்றிக்குக் கல்லூரி தன் பெயரையே 'யேல்' என்று வைத்துக்கொண்டது. உலகத்தின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்று அந்தப் பெயரை வாங்கியது இப்படித்தான்.

நம்மவர்கள் இந்த இடத்தில் "பார்த்தீர்களா, யேல் பல்கலைக்கழகமே நம்ம சென்னைக் காசுதான்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது வழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் காசு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டாமா? 1680-களில் சோழமண்டலக் கரையில் கடும் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் விலைபோனவர்கள், பிள்ளை பிடிப்பவர்களிடம் சிக்கியவர்கள் எனப் பலர் கப்பலேறினார்கள். செயின்ட் ஹெலினா தீவு போன்ற இடங்களுக்குச் சென்னையிலிருந்து கம்பெனி அடிமைகளை அனுப்பியது. அந்த உத்தரவுகளைப் போட்ட கோட்டைக் கவுன்சிலுக்குத் தலைவர் யேல். 1688-ல் கவுன்சில் இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது உண்மை. அதற்கு முன் போன கப்பல்களில் இருந்தவர்கள் திரும்பவில்லை என்பதும் உண்மை. அவர்களில் ஒருவரின் பெயர்கூட எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை.

கிரீனுக்கு அருகே நிற்கும் கனெக்டிகட் ஹால் என்ற பழைய செங்கல் கட்டடம் 1750-53-ல் எழுந்தது. அதைக் கட்டியதில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் உண்டு. யேல் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை ஆராயச் செய்து, 2024 பிப்ரவரியில் அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 300 வருஷம் கழித்துத்தான். ஆனாலும் கேட்டது.

கல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம்

கிரீனில் ஊர்க்காரர்களைப் புதைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? 1790-களில் மஞ்சள் காய்ச்சல் வந்து, இடம் போதவில்லை. ஊருக்கு வெளியே குரோவ் தெருவில் புதிய கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். 1821-ல் கிரீனில் இருந்த கல்லறைக் கற்களையெல்லாம் பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கற்களை மட்டும்தான். உடல்கள் அங்கேயே இருக்கின்றன. இன்று புல்லில் சாய்ந்து இளைப்பாறுபவர்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் உறங்குகிறார்கள். செண்டர் சர்ச்சைக் கல்லறைகளின் மேலேயே கட்டியதால், அதன் அடியில் பழைய கற்கள் அப்படியே நிற்கும் ஒரு நிலவறை உண்டு, இறங்கிப் பார்க்கலாம். சர்ச்சுக்குப் பின்புறம் ஜான் டிக்ஸ்வெல்லின் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதிகளில் ஒருவர் அவர். பிறகு உயிருக்குத் தப்பி வந்து, பொய்ப் பெயரில் இந்த ஊரில் வாழ்ந்து 1689-ல் இறந்தார்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது, லிங்கன் நூற்றாண்டுக்காக 1909-ல் நட்ட ஒரு பெரிய ஓக் மரம் கிரீனில் வேரோடு சாய்ந்தது. அந்த வேர்களுக்கிடையே மனித எலும்புகள் சிக்கியிருந்தன! மண் தன்னிடம் ஒப்படைத்ததை மறக்கவில்லை.

இதே கதை சென்னையிலும் நடந்தது என்றால் வியப்பாக இருக்கும். பழைய ஆங்கிலேயர் இடுகாடு இருந்தது இன்றைய உயர் நீதிமன்றம், பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில். 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது, அவருடைய வீரர்கள் கல்லறைகளின் மறைவில் இருந்து கோட்டையைத் தாக்கினார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் இடுகாட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுக் கற்களைச் செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். இன்றும் கோட்டைக்குப் போனால் அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும். அப்போது இடிக்காமல் விட்டவற்றில் ஒன்று ஹின்மர்ஸும், யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட்டும் உறங்கும் கூர்ச்சமாதி. தன் தாத்தாவின் பெயரைத் தாங்கிய பிள்ளை. அதை இடம் மாற்றச் சொல்லி நடந்த வழக்கில் 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பரபரப்பான வாதங்கள் நடந்தன. நியூ ஹேவனில் பெயர், சென்னையில் பிள்ளையின் சமாதி, வேல்ஸ் நாட்டு ரெக்ஸமில் அவரது சொந்தக் கல்லறை என்று யேலின் வாழ்க்கை மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. புலம்பெயர்ந்தவன் கதை எந்த நூற்றாண்டிலும் இப்படித்தான் போலும்.

ஒன்று முதல் பத்து வரை

கிரீனின் கிழக்கே நகர மன்றத்தின் வாசலில் ஒரு வெண்கல நினைவுச் சின்னம் நிற்கிறது. 1992-ல் வைத்தது. 1839-ல் அந்த இடத்தில் ஒரு சிறைச்சாலை இருந்தது.

அந்த ஆண்டு கியூபாவுக்கு அருகே 'அமிஸ்டாட்' என்ற கப்பலில் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள், செங்பே பியே என்பவர் தலைமையில் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். ஊர் திரும்ப நினைத்தவர்களைக் கப்பலோட்டி ஏமாற்றி வடக்கே கொண்டுவந்துவிட்டான். அமெரிக்கக் கடற்படை அவர்களைப் பிடித்தது. நியூ ஹேவன் சிறையில் அடைத்தார்கள். ஊர் ஜனம் காசு கொடுத்து வரிசையில் நின்று அவர்களை வேடிக்கை பார்த்தது. உடற்பயிற்சிக்காக அவர்களைக் கிரீனுக்குக் கூட்டிவருவார்கள்.

வழக்கு நடக்க வேண்டும் என்றால் அவர்கள் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். அவர்கள் பேசும் மொழி என்ன என்றே யாருக்கும் தெரியாது. யேலில் பேராசிரியராக இருந்த மொழியியல் அறிஞர் ஜோசியா கிப்ஸ் ஒரு வேலை செய்தார். சிறைக்குப் போய் ஒரு விரலைக் காட்டினார், சொல் வந்தது. இரண்டு விரலைக் காட்டினார், அடுத்த சொல் வந்தது. இப்படிப் பத்து வரை கற்றுக்கொண்டார். நேரே நியூயார்க் துறைமுகத்துக்குப் போய், மாலுமிகள் நடுவே அந்தப் பத்துச் சொற்களையும் உரக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தார். கடைசியில் ஒரு கறுப்பின இளைஞனின் முகம் மலர்ந்தது. ஜேம்ஸ் கோவி என்ற அந்த மாலுமிக்கு அது தெரிந்த மொழி. மேற்கு ஆப்பிரிக்காவின் மெண்டே மொழி.

கோவி சிறைக்கு வந்து தங்கள் மொழியில் பேசியதும் அங்கே எழுந்த ஆரவாரத்தை நம்மால் ஊகிக்க முடியும். 1960-களில் ஹவுராவில் இறங்கி, பாஷை புரியாமல் திகைத்து நின்று, கூட்டத்தில் "என்ன சார், ஊர்லேர்ந்து வரீங்களா?" என்று ஒரு குரல் கேட்டவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். விலங்கில்லாத நமக்கே அப்படி என்றால், அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

மொழி கிடைத்ததும் கதை வெளிவந்தது. நியூ ஹேவன் வழக்கறிஞர் ரோஜர் ஷெர்மன் பால்ட்வினும், முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸும் வாதாட, 1841 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பளித்தது. உயிரோடு எஞ்சிய 35 பேர் அந்த ஆண்டு இறுதியில் ஊருக்குக் கப்பலேறினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி நியூ ஹேவனை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. வெறும் எட்டு வருஷத்துக்கு முன், 1831-ல், கறுப்பின இளைஞர்களுக்காக ஒரு கல்லூரி தொடங்கலாம் என்ற யோசனையை இதே ஊர்க்கூட்டம் 700-க்கு 4 என்ற கணக்கில் நிராகரித்தது. அதே மக்கள், அதே மந்தை.

யாருடைய நிலம்?

1970-ல் கிரீனையும் மூன்று சர்ச்சுகளையும் தேசிய வரலாற்றுச் சின்னப் பகுதியாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஆனால் நிலம் யாருடையது தெரியுமா? அரசுடையது அல்ல, நகராட்சியுடையதும் அல்ல. 1638-ல் வந்த ஆதிக் குடிகளின் பொது உரிமைக்கு வாரிசாக ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. ஒருவர் இடம் காலியானால் மற்றவர்களே இன்னொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். புல் வெட்டுவது, துப்புரவு எல்லாம் நகராட்சி. உரிமை மட்டும் அந்த ஐவரிடம்.

இது நல்ல ஏற்பாடா? இரண்டு பக்கமும் சொல்லலாம். இந்தக் குழு இருந்ததால்தான் 16 ஏக்கரும் கடை, அடுக்குமாடி என்று துண்டு துண்டாகப் போகவில்லை. கனெக்டிகட்டுக்கு ஒரு காலத்தில் இரண்டு தலைநகர்கள். அப்போது இந்தத் திடலில் ஒரு சட்டமன்றக் கட்டடமும் இருந்தது. தலைநகர் ஹார்ட்ஃபோர்டுக்கு மட்டும் என்று ஆனதும் அது பயனற்றுக் கிடந்து, 1889-ல் இடிபட்டது. அந்த இடத்தில் வேறு எதுவும் கட்டாமல் புல்லாகவே விட்டார்கள். இன்னொரு பக்கம், யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஐந்து பேர் எப்படிப் பொது நிலத்தை ஆளலாம் என்ற கேள்வியும் உண்டு. ஏற்றத்தாழ்வை எதிர்த்து 2011 அக்டோபரில் கிரீனில் கூடாரமடித்தவர்கள் நீதிமன்றத்திலேயே இதைக் கேட்டார்கள். 2012 ஏப்ரலில் அவர்களை அகற்றிவிட்டார்கள். கேள்வி அங்கேயே இருக்கிறது.

நம் கொல்கத்தா மைதானும் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் பிழைத்திருக்கிறது என்று சொல்வோம். எங்கள் ஊர் மந்தைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. போன தடவை போனபோது பாதி இடம் கடைகளாகிவிட்டது. மீதியில் ஒரு செல்போன் கோபுரம். புளியமரத்தைக் காணோம். "யாரு வெட்டுனா?" என்று கேட்டேன். "யாரோ" என்றார்கள். எல்லோருக்கும் சொந்தமானதை யாரோ எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! சின்ன வயசில் நான் அறியாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மந்தையில் சேரிப் பிள்ளைகள் எங்களோடு கிட்டிப்புள் விளையாடியதில்லை. ஏன் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மந்தை போயிற்று என்று புலம்பும்போது, அது இருந்தபோது யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பேத்தியின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் இது: "நாளைக்கு வரப்போறவங்களுக்கும் இடம் வேணும்ல, அதான் விட்டு வச்சிருக்காங்கம்மா." நியூ ஹேவனுக்கு அது பாதி உண்மை. ஒன்பது கட்டம் வரைந்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காக மட்டுமே அந்த நடுக்கட்டத்தை விட்டார்கள். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும், எபிஸ்கோபல் சபையார் முதல் மெண்டே கைதிகள் வரை, தங்களுக்கும் அதில் இடம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் நிரூபிப்பதற்கு நிலம் காலியாக இருந்ததே, அது பெரிய விஷயம்.

வந்த ஊரில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. நம் சங்கமும் ஒரு சின்ன மந்தைதான். அதில் அடுத்து ரயிலேறி வருபவருக்கு, அவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த வேலை என்று கேட்காமல், ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருப்போம். அடுத்த முறை சென்னை போகும் அன்பர்கள் ஒரு காலை நேரத்தில் ஜார்ஜ் கோட்டைக்குள் போய்ச் செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றி நடந்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். காலடியில் இருக்கும் கற்களை அவர்கள் படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும்.